வெட்டிய ஓரம் குடிக்கும் தண்ணீர்

செம்பனை ஆலையில் பழம் எடுத்தபின் குவியும் வெறுங்குலை நாரில் பலகை செய்வது பெரிய வேலை இல்லை. மலேசியாவின் பீடோர், தெலுக் இந்தான் போன்ற மழை ஊரில் அதை உப்பாமல் காப்பதுதான் வேலை.

பலர் பலகை முடிந்த பிறகு மேலே வார்னிஷ் அடித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது. நாரில் உள்ள செல்லுலோஸ் தண்ணீரை இழுக்கும். நாருக்குள் மெல்லிய குழாயும் உண்டு. பலகையின் வெட்டிய ஓரத்தைச் சிவப்பு மைத் தண்ணீரில் நிறுத்தி மறுநாள் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மை எந்த நார் வழியாக ஏறியது என்று கண்ணுக்கே தெரியும்.

குலை நாரில் எண்ணெய்ப் பசை மிச்சம் இருக்கும். அதன்மேல் நாரைப் பலகையாகப் பிணைக்கும் பிசினான ரெசின் ஒட்டாது. ஒட்டாத இடுக்கிலும் தண்ணீர் நுழையும். அதனால் முதலில் சோப்புத்தூள் கலந்த சுடுநீரில் அலசுங்கள். பிறகு 950 கிராம் தண்ணீரில் 50 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. நார் அந்தக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுக்க விட்டால் நார் நைந்துவிடும். நன்றாக அலசி, ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து அதில் முக்கி, பிஎச் 7 (அமிலமும் இல்லை, காரமும் இல்லை என்ற நிலை) வரும்வரை மறுபடி அலசுங்கள்.

காயவைப்பதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். வெயிலில் காய்ந்த நார் கைக்கு மொறுமொறுவென்று இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் மின்னடுப்பில் (ஓவன்) வைத்து மணிக்கொரு முறை எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை எடுக்காதீர்கள். எடுத்ததும் மூடியுள்ள வாளிக்குள் போடுங்கள். திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றே திரும்ப ஈரமாக்கிவிடும். ஈர நாரால் ரெசினுக்குள் குமிழி வரும், ஒட்டுதலும் கெடும்.

ரெசினுக்குச் சாதாரண பாலியெஸ்டரைவிட எப்பாக்சி நல்லது, விலைதான் கூட. 30 கிராம் நாருக்கு 70 கிராம் ரெசின் கொடுங்கள். நாரைக் கூட்டினால் நாரும் நாரும் தொட்டுக்கொண்டு தண்ணீருக்குப் பாதை போட்டுவிடும்.

அறுத்த ஓரங்களை 120 எண் மணல்தாளில் தேய்த்து, தூசி துடைத்து, எப்பாக்சி இரண்டு பூச்சு. திருகாணித் துளையைப் பெரிதாகப் போட்டு எப்பாக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் மறுபடி துளையுங்கள்.

சோதிக்க, ஓரம் பூசியது ஒன்று, பூசாதது ஒன்று என இரண்டு துண்டுகளை எடை போட்டு, தடிமனையும் அளந்து தண்ணீரில் அமிழ்த்துங்கள். 24 மணி நேரம் கழித்து எடுத்து, துடைத்து அளங்கள். அதோடு நிறுத்தாமல் ஏழாம் நாளும் அளங்கள். முதல் நாளில் அசையாத பலகைகூட மெதுவாகக் குடித்துக்கொண்டிருக்கும்.