காயலான்கடைக்குத் தப்பிய கரி ரயில்

பென்சில்வேனியாவின் மலைகளுக்கு நடுவே ராக்ஹில் ஃபர்னஸ் என்று ஒரு சிற்றூர். ஈஸ்ட் பிராட் டாப் என்ற பழைய கரி ரயிலுக்காகத்தான் அங்கே போனோம். தண்டவாளங்களுக்கு இடையே மூன்றே அடி. அமெரிக்காவின் வழக்கமான பாதை நாலடி எட்டரை அங்குலம். மலையைச் சுற்றி வளைந்து போக அவ்வளவு அகலம் கட்டுப்படியாகாது என்று குறுக்கிவிட்டார்கள். 1872-ல் வேலை தொடங்கி, 1874-ல் ராபர்ட்ஸ்டேல் கரிச் சுரங்கம்வரை ரயில் போய்விட்டது. மொத்தம் 33 மைல்.

சிக்கல் மறுமுனையில், மவுண்ட் யூனியனில். அங்கேதான் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் அகலப் பாதை. சின்ன வேகனில் வந்த கரியை இறக்கிக் கழுவி, பெரிய வேகனில் ஏற்ற 1927-ல் ஒரு ஆலை கட்டினார்கள். சரி, மலைக்குள் போகவேண்டிய மற்ற சரக்கு? அதை இறக்கி ஏற்றாமலே அனுப்பினார்கள். மரம் தூக்க வைத்திருந்த கிரேனால் பெரிய பெட்டியை ஒவ்வொரு முனையாகத் தூக்குவது, அடியிலிருக்கும் சக்கரத் தொகுதியை உருவுவது, மூன்றடிச் சக்கரத்தைச் செருகுவது, அவ்வளவுதான். அந்த ஒடுக்கமான பாதையில் அகலப் பெட்டிகள் ஆடிக்கொண்டு போகும் பழைய படங்களைப் பார்த்தால் நமக்கே வயிற்றைக் கலக்கும்.

ரயில் சவாரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னைக் கேட்டால், பணிமனைக்காகவே போகலாம். ஒரே நீராவி எஞ்சின், அதிலிருந்து கூரையோரம் ஓடும் நீண்ட தண்டுகள், அவற்றிலிருந்து தொங்கும் தோல் பெல்ட்டுகள், கீழே லேத்துகள். 1913 முதல் கரி வேகன்களை எஃகில் இங்கேயே செய்துகொண்டார்கள். மரவேகன்களே சாதாரணமாக இருந்த காலம் அது.

வீடுகளுக்கு எண்ணெயும் எரிவாயுவும் வந்தன, மற்ற ரயில்களில் டீசல் வந்தது. கரியை யார் வாங்குவார்? 1956 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். ரயிலை வாங்கியவர் நிக் கோவல்சிக், பழைய இரும்பு வியாபாரி. உருக்கி விற்கத்தானே வாங்கியிருப்பார்? அவரோ விற்கவில்லை. 1960-ல் ஊர் விழாவுக்காகச் சில மைல் பாதையைச் சரிசெய்து, சுற்றுலா ரயிலே விட்டார். அவர் விட்ட ரயில் 2011 வரை ஓடியது. வருமானம் பார்க்கிற ஆளாக இருந்திருந்தால் இன்று அங்கே புல்தான் முளைத்திருக்கும்.

2020-ல் ஒரு அறக்கட்டளை வாங்கியது. 1911 முதல் 1920 வரை பால்ட்வின் தொழிற்சாலையில் செய்த ஆறு எஞ்சின்களும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. 1956-ல் ஓய்ந்த 16-ஆம் எண் எஞ்சின் 2023-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. தெற்கே சால்டில்லோ பக்கம் பாதையை மீட்கும் வேலையும் நடக்கிறது. போகிறவர்கள் பணிமனைச் சுற்று உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிட்டுப் போங்கள். அதைப் பார்க்காமல் திரும்பினால் பாதி ரயிலைத்தான் பார்த்ததாகும்.