துணி எடுக்கும் மேஜை

சென்னிமலைப் பக்கம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்பது வருஷம் துணி எடுக்கும் வேலையில் இருந்தேன். போர்வையை மேஜையில் விரித்து, நீள அகலம் அளந்து, லென்ஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ண வேண்டும். குறைந்தால் கூலியில் பிடித்தம்.

ஓர் ஐப்பசி அடைமழையில் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த போர்வையில் முழ நீளத்துக்கு ஊடை (குறுக்கிழை) தளர்ந்திருந்தது. "தறிக்குழியில தண்ணி ஏறிப்போச்சுங்க தம்பி. பாவு அறுந்துக்கிட்டே இருந்துச்சு" என்றார். பிடித்தம் எழுதினேன். மேஜையில் கிடந்த நூல் பிசிறைத் துண்டால் துடைத்துவிட்டு, பேசாமல் போனார்.

அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை. அப்புறம்தான் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நெசவைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்குப் புஞ்சம் என்றொரு கணக்கு. ஒரு புஞ்சத்துக்கு 120 பாவிழை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை. சென்னைக் கோட்டையில் துணியை விரித்துத் தரம் பிரிப்பார்கள். தரம் இறங்கினால் விலை இறங்கும். வாங்கிய முன்பணம் கடனாக நிற்கும். அங்கேயும் ஒரு மேஜை இருந்திருக்கும்.

முன்பெல்லாம் வணிகர் ஒத்துவராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவருக்கு நெய்யலாம். டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரருக்கும் துணி தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் கம்பெனி நடுவிலிருந்த வணிகர்களை ஒதுக்கிவிட்டு நேரடியாக முன்பணம் கொடுக்கத் தொடங்கியது. கம்பெனிக் கணக்கு தீரும்வரை பிறருக்கு நெய்யக் கூடாது. மீறாமல் பார்த்துக்கொள்ளச் சேவகர்களை ஏவினார்கள். எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் மில் துணி வந்து அடித்த அடியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு முன்பே, "இந்த விலைக்குக் கட்டாது" என்று சொல்லும் உரிமை நெசவாளியிடமிருந்து போய்விட்டது.

மற்றவை தெரிந்த கதைதான்: பிரிட்டனில் நம் துணிக்குக் கனத்த தீர்வை, இங்கே தறிக்கு மோத்தர்பா என்ற தொழில் வரி, பிறகு மில் நூல். 1876–78 பஞ்சத்தில் நெசவாளிகளுக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை அரசே வாங்க வேண்டிய நிலை வந்தது.

எங்கள் பிடித்தப் புத்தகத்தில் இழை எண்ணிக்கைக்கும் தொகைக்கும் கட்டம் உண்டு, காரணத்துக்கு இல்லை. அடுத்த மழைக்காலத்தில் ஓரமாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். முதல் வரியில், 'தறிக்குழியில் தண்ணீர்' என்று எழுதினேன்.