ஊசி போட்ட பிறகு அப்பாவுக்கு எவ்வளவு சரியாகும்?

இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் ஆள் மறுநாளே எழுந்து நடப்பார் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. ஊசியே வீண் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு நான் பார்த்தது இரண்டுமில்லை.

இலங்கையில் நாவலப்பிட்டிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அப்பாவின் வலது கை வாளியை விட்டுவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. பக்கத்து லயத்து ஆட்கள் எண்ணெய் தேய்க்க வந்துவிட்டார்கள். அம்மா யாரையும் தொட விடாமல் 1990 அம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொன்னார். நேரத்தையும் பார்த்து வைத்திருந்தார். கண்டி ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டதே அதைத்தான்: கடைசியாக நல்லாயிருந்தது எத்தனை மணிக்கு? நாலரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் வழக்கமாக இந்த ஊசி. அதற்குள்ளும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு.

ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. கையெழுத்து வாங்குமுன் டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: 1995-இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் இரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. ஆனால் மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும் வாய்ப்பு, போடாதவர்களைவிட 30 சதவீதமாவது கூடுதல். அப்பாவின் எடை 50 கிலோ, கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் என்று 45 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கை உடனே ஏற்றிவிட்டு மிச்சத்தை ஒரு மணி நேரமாக இறக்கினார்கள்.

"சரியாகிடுமா டொக்டர்?" என்று அப்போதே கேட்டேன். கட்டிலின் காலடியில் நின்றபடியே விரல் விட்டுப் புள்ளி எண்ணிக் காட்டினார்; புள்ளி ஏற ஏற நம்பிக்கை குறையும். வயது 57, அதற்குப் புள்ளி இல்லை. முன்பு நடமாட்டத்தில் குறை இல்லை, அதற்கும் இல்லை. ஸ்கேனில் அடைப்பின் வெள்ளைக் கோடோ, மூளை செத்த அடையாளமோ தெரியவில்லை. சீனி 160, 144-க்கு மேல் என்பதால் ஒன்று. வாதம் வந்து ஊசி போட 90 நிமிடத்துக்கு மேல் ஆனதால் இன்னொன்று. கைகால், பேச்சு, கண் எல்லாம் சோதித்துப் போட்ட வாதப் புள்ளி 42-க்கு 12, அதற்கு இரண்டு. ஆக மொத்தம் 10-க்கு 4. இது ஹெல்சிங்கி டொக்டர்கள் 2012-இல் வெளியிட்ட டிராகன் என்ற கணக்காம். மூன்றுக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள், எட்டுக்கு மேலே போனால் நம்பிக்கை குறைவு. அப்பா நடுவில். "நடுவில் இருப்பவருக்கு இப்போது எதுவும் சொல்ல முடியாது, நாளைக்குப் பார்ப்போம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் அதுதான் நேர்மையான பதில்.

அந்த வாதப் புள்ளி போடும்போது ஒரு விஷயம். "இப்போது என்ன மாதம், உங்கள் வயது என்ன" என்று சிங்களத்தில் கேட்டால் அப்பா திருதிருவென்று விழிப்பார். நோயே இல்லாவிட்டாலும் அப்படித்தான் விழிப்பார். நான் தமிழில் கேட்டதும் குழறலாக என்றாலும் சரியாகச் சொன்னார். தோட்டத்து ஆட்களோடு தமிழ் தெரிந்த ஒருவர் கட்டாயம் வாட்டுக்குள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சே போய்விட்டது என்று புள்ளி ஏறிவிடும்.

அன்றிரவு பிரஷர் பட்டி கையிலேயே இருந்தது. முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, பிறகு அரை மணிக்கு ஒரு தடவை. 180-க்கு மேல் போகவிடக் கூடாது என்று நர்ஸ் மிஸ்ஸி அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் திரும்ப ஸ்கேன், கசிவு இல்லை என்ற பிறகுதான் அஸ்பிரின். வாதப் புள்ளி 12-இலிருந்து 7-க்கு இறங்கியிருந்தது. முதல் நாள் எண்ணைவிட இந்த 24 மணி நேரத்து எண்ணைத்தான் நம்பலாம் என்றார் டொக்டர். அப்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு.

கைக்குத் தனிக் கணக்கு. பிசியோதெரபி செய்கிற அக்கா அப்பாவின் வலது கையை மெத்தையில் கவிழ்த்து வைத்து, "ஐயா, விரலை நீட்டுங்க" என்றார். நடுவிரலும் மோதிர விரலும் விரிப்பை விட்டு ஒரு நூல் அளவு எழும்பின. அப்பா தோளையும் கொஞ்சம் பக்கவாட்டில் தூக்கினார். "போதும் தம்பி, இது நல்லது" என்றார் அக்கா. 2010-இல் வந்த ஒரு டச்சு ஆய்வில், இரண்டாம் நாள் இந்த இரண்டையும் கொஞ்சமாவது செய்ய முடிந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கை ஓரளவு புழக்கத்துக்கு வந்ததாம்; முடியாதவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான். "ஓரளவு" என்பதை அழுத்திச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டி விட்டதும் வீட்டுக்கு வந்தோம். அப்புறம் மூன்று மாதமும் பயிற்சி, பிரஷர் மாத்திரை, மலைப் படிகளில் கம்பூன்றி ஏறி இறங்குவது.

மூன்றாம் மாதக் கிளினிக்கில் இன்னொரு எண் போட்டார்கள், ராங்கின் அளவு. பூச்சியம் என்றால் ஒரு குறையும் இல்லை, ஆறு என்றால் இறப்பு. அப்பா தானே குளிக்கிறார், உடுத்துகிறார், கடைக்குப் போகிறார், பழைய வேலை மட்டும் முடியாது. கிளினிக் கொப்பியில் 2 என்று எழுதி, "நல்ல பலன்" என்றார் டொக்டர். பல ஆய்வுகளில் 2 வரை நல்ல பலன் கணக்கில்தான் சேர்கிறது. அப்பா கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை, வெட்டுகிறவர். அந்தக் கத்தியை ஓங்கி வெட்ட வலது கையில் பிடி நிற்பதில்லை. நான் மொழிபெயர்த்ததும் அப்பா கேட்டார்: "அப்ப எனக்கு முழுப்பேர் விழுமா?"

டொக்டருக்கு அது என்னவென்று விளக்க வேண்டியிருந்தது: நாள் முழுக்க வேலை செய்தால்தான் முழுப்பேர், முழுச் சம்பளம். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, இலகுவான வேலை கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகும் கை தேறும், ஆனால் மெதுவாகத்தான், பயிற்சியை விடாதீர்கள் என்றார். கடிதத்தைத் தோட்ட ஆபீசில் கொடுத்திருக்கிறோம். அப்பா காவல் காக்கும் வாச்சர் வேலை கேட்கிறார்.