மரம் கிடக்கிறதா பார்: கிரானைட் க்ரீக் நாட்குறிப்பு

ஜூன் 8, 2024, சனி

இன்று ஆற்றுப் பக்கமே போகவில்லை. அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகருக்கு வெளியே ஓர் ஏரியில் படகைக் கவிழ்ப்பதும் மறுபடி ஏறுவதுமாகவே பகல் முழுக்கப் போனது.

பேக்ராஃப்ட் என்பது முதுகுப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு மலையேறிப் போகக்கூடிய, காற்றடைத்த ஒற்றை ஆள் படகு. என்னுடையது மேல்மூடி, தொடையைப் படகோடு பிடித்து வைக்கும் தொடைப்பட்டை எல்லாம் சேர்த்து நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பம்ப் கிடையாது. மெல்லிய துணிப்பையில் காற்றைப் பிடித்து, வாயை முறுக்கி, அமுக்கி அமுக்கி ஏற்ற வேண்டும். கரையில் விறைப்பாக நின்ற படகு தண்ணீரில் ஐந்து நிமிடம் மிதந்ததும் தொய்ந்துவிடும். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். புதிதாக வந்தவர்கள் ஓட்டை என்று பதறுவார்கள். வாயால் ஊதி மறுபடி இறுக்கிவிட்டுத்தான் ஓட்டத்தில் இறங்க வேண்டும். தொய்ந்த படகு அலையில் நடுவே மடங்கும், துடுப்பு சொன்ன பக்கம் திரும்பாது.

எங்களோடு வரும் பெரியவர் இந்தப் படகுகளின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1982-ல் ஹோப் என்ற சிற்றூரிலிருந்து ஹோமர் வரை காட்டு வழியாக ஓர் ஓட்டப் போட்டி நடந்தது. அதில் டிக் கிரிஃபித் என்ற, ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஆற்றங்கரை வந்ததும் பையிலிருந்து ஒரு ரப்பர் படகை எடுத்து ஊதிக் கடந்து போனாராம். இளைஞர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். பிறகு 2000-ஐ ஒட்டி ஷெரி டிங்கி என்ற பெண்மணி தன் மகனுக்காக ஒரு படகு தைக்கப் போய், அதுவே ஒரு தொழிலாக வளர்ந்தது. இதற்கெல்லாம் வெகு முன்னால், 1840-களிலேயே, பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி மேலங்கியாகப் போட்டுக்கொண்டு, தேவைப்படும்போது ஊதிப் படகாக்கும் ஒன்றைச் செய்திருக்கிறார். அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு லண்டன் தெருவில் நடக்க எனக்கு ஆசை.

மதுரைத் தம்பிக்கு இது முதல் கோடை. கவிழ்ந்து, படகை நிமிர்த்தி, மூச்சிரைக்க மேலே ஏறி விழுந்து, “அண்ணே, ஏரியிலேயே இந்தப் பாடுன்னா ஆத்துல என்ன ஆகும்?” என்றான். அதற்காகத்தான் ஏரி என்றேன். கவிழ்ந்ததும் தொடைப்பட்டை காலைவிட்டுத் தானாக நழுவுகிறதா என்று பார்க்கவும்தான்.

ஜூன் 14, வெள்ளி இரவு

நாளைக்குக் கிரானைட் க்ரீக். சூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 100 கி.மீ. டர்னகெய்ன் கணவாய்ப் பக்கத்துப் பனி உருகிச் சாலையோரமாகவே இறங்கி, சிக்ஸ்மைல் க்ரீக்கின் கிழக்குக் கிளையில் போய்ச் சேரும் ஓடை.

தரம் இரண்டு என்று சொல்வார்கள். ஆறு தரங்களில் இரண்டு. சின்ன அலை, தெளிவான வழி. “இரண்டுதானே” என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அந்த எண் அலையையும் பாறையையும் பார்த்துப் போட்டது. நேற்று ராத்திரி சாய்ந்த மரம் அதில் சேராது. கீனாய் தீபகற்பத்தில் 1990-களில் பட்டை வண்டு தாக்கி ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகள் லட்சக்கணக்கான ஏக்கரில் காய்ந்துபோயின. காய்ந்த மரம் உடனே விழுந்துவிடாது. வருடக்கணக்கில் நின்று, வேர் மக்கி, ஒரு காற்றிலோ வெள்ளத்திலோ சாயும். அது போக, காட்டன்வுட் மரங்கள் கரை அரிக்க அரிக்க உயிரோடேயே ஓடைக்குள் சாய்கின்றன.

சிக்ஸ்மைலில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் நீர் அளவி ஒன்று இருக்கிறது. அது காட்டும் இந்த வார வரைபடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். பகல் வெயிலில் உருகும் பனி சாயங்காலத்துக்கு மேல்தான் கீழே வந்து சேரும். ஜூனில் இங்கே ராத்திரி பதினொன்றரை வரை சூரியன் இருப்பதால் “மெதுவாகப் போகலாம்” என்று தோன்றும். தோன்றட்டும். காலை எட்டு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

முதலில் நடந்தோம். படகைக் கரையில் வைத்துவிட்டு, எந்தெந்தத் திருப்பத்துக்குக் கரை வழியாகப் போக முடியுமோ அங்கெல்லாம் போய்ப் பார்த்தோம். டெவில்ஸ் கிளப் என்ற முள்செடி கையைக் கிழிக்கிறது, கொசு தின்கிறது, கரடிக்குக் கேட்கட்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. தம்பி மதுரைப் பாட்டு ஒன்றைக் கத்திப் பாடினான். எந்தக் கரடியும் அந்தப் பக்கம் வந்திருக்காது.

பார்த்தது என்னவென்றால், மூன்றாவது வளைவில் ஒரு ஸ்ப்ரூஸ், வேரோடு, வெளிக்கரையிலிருந்து முக்கால் ஓடை வரை குறுக்கே. கிளைகள் தண்ணீருக்குள். இதைத்தான் ஸ்ட்ரெயினர் என்கிறார்கள். டீ வடிகட்டியில் தண்ணீர் இறங்கும், தூள் நிற்கும். இங்கே தூள் நாம்தான். பாறை வேறு மாதிரி. பாறையில் தண்ணீர் மோதிப் பக்கவாட்டில் விலகும், நம்மையும் ஓரளவு தள்ளி விடும். மரத்தில் அந்த விலகல் கிடையாது. தண்ணீர் கிளைக்குள்ளேயே புகுந்து போவதால் மேற்பரப்பில் நுரையோ இரைச்சலோ கூட அதிகம் இருக்காது. மேலிருந்து படகில் வந்தால் அமைதியான வளைவு என்றுதான் தெரியும்.

அது வெளிக்கரையில் கிடப்பதற்கும் காரணம் உண்டு. வளைவில் ஓட்டத்தின் வேகம் வெளிப்பக்கம் போகிறது, அந்தக் கரையைத்தான் அரிக்கிறது, அங்கே நிற்கும் மரம்தான் விழுகிறது, மிதந்து வரும் கட்டையும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. படகையும் ஓட்டம் அதே இடத்துக்குத்தான் இழுக்கும். ஆகவே ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கம். படகின் மூக்கை உள்கரை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, வளைவு வருவதற்கு முன்பே துடுப்பு போடத் தொடங்க வேண்டும். மரத்தைப் பார்த்த பிறகு தொடங்கினால் நேரம் இருக்காது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழத்தில் நின்று பார்த்தால் இது உடம்புக்கே புரிந்துவிடும்.

அந்த வளைவில் படகைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். உள்பக்கம் கால்வாசி இடம் இருந்தது, போயிருக்கலாம்தான். பெரியவர் ஒரே கேள்வி கேட்டார்: “அதற்கு மேலேயே கவிழ்ந்தால் எங்கே போவாய்?” பதில் மரம் என்பதால் நடை. ஐந்து நிமிட வேலை.

மற்ற இடங்கள் சந்தோஷம். பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி ஓய்வெடுக்கும் இடம் எடி. ஒரு எடியிலிருந்து அடுத்த எடி வரை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் நகர்வது, ஒருவர் போய் நின்று துடுப்பை நேராகத் தூக்கிக் காட்டினால் அடுத்தவர் வருவது. துடுப்பைத் தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் நில் என்று அர்த்தம். கை காட்டும்போது போக வேண்டிய பக்கத்தைத்தான் காட்ட வேண்டும், ஆபத்தின் பக்கம் காட்டக் கூடாது. இரைச்சலில் “அங்கே போ” என்று புரிந்துகொண்டு நேராக அதற்குள் போய்விடுவார்கள்.

தண்ணீரின் வெப்பம் ஐந்து டிகிரி. நண்பகலுக்குள் வெளியே வந்துவிட்டோம்.

ஜூன் 16, ஞாயிறு

தோள்வலி. உடம்பு நனையாமல் காக்கும் ட்ரை சூட்டின் கழுத்து ரப்பரில் ஒரு கீறல், ஒட்டுப் போட்டேன். இன்று வேறொன்றும் இல்லை.

ஜூன் 22, சனி

இரண்டு நாள் மழை. முகாமருகே கார் கதவைத் திறந்ததுமே ஓடை வேறு குரலில் ஓடுவது கேட்டது. தண்ணீர் மண் நிறம், கரைப் புல் மூழ்கியிருக்கிறது, பச்சை இலையோடு கிளைகள் மிதந்து வருகின்றன. பச்சை இலை என்றால் மேலே எங்கோ இப்போதுதான் ஏதோ விழுந்திருக்கிறது. போன வாரம் நாங்கள் ஒதுங்கிய எடிகள் பாதி காணாமல் போய்விட்டன. ஒதுங்க இடமில்லாத ஓடையில் நிறுத்திப் பார்க்க முடியாது, பார்க்க முடியாவிட்டால் போகக் கூடாது. தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. சரி, வந்ததுதான் வந்தோம் என்று சிக்ஸ்மைலின் பள்ளத்தாக்குகளை மேலிருந்து பார்க்கப் போனோம்.

அங்கே மூன்று குறுகிய பள்ளத்தாக்குகள். முதல் இரண்டும் தரம் நான்கு, மூன்றாவது ஐந்து. 1896-ல் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கிய பகுதி இது. இப்போது பெரிய ராஃப்ட்டில் சுற்றுலாப் பயணிகள் வழிகாட்டியோடு போகிறார்கள். பாறைச் சுவருக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கொட்டுவதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பேக்ராஃப்ட்டில் போகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த ஆசை இல்லை. எடை குறைந்த படகு அலை மேல் சுலபமாக ஏறும், ஆனால் விழும் தண்ணீர் தனக்குள்ளேயே திருப்பிச் சுழற்றும் குழிகளில் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதும் சுலபம்.

திரும்பும் வழியில் போர்ட்டேஜ் அருகே காய்ந்து நிற்கும் காட்டைத் தம்பிக்குக் காட்டினேன். 1964 நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து, வேருக்கு உப்புத் தண்ணீர் வந்து செத்த மரங்கள். அறுபது வருடமாகியும் சில இன்னும் நிற்கின்றன.

ஜூன் 29, சனி

தண்ணீர் இறங்கிவிட்டது, நிறமும் தெளிந்துவிட்டது. போன முறை பார்த்த ஓடைதானே என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி நடந்தே பார்த்தோம்.

பழைய ஸ்ப்ரூஸ் நகர்ந்திருந்தது. வெள்ளம் அதைத் தூக்கி இரண்டு வளைவு கீழே கொண்டுபோய், ஒரு மணல் திட்டில் தலையை மோத வைத்திருக்கிறது. அதன் மேல் சின்னச் சின்னக் கட்டைகள் சேரத் தொடங்கிவிட்டன. மேலே, புதிதாக ஒரு காட்டன்வுட் தண்ணீருக்கு ஓரடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. படகு அடியில் போகும், மார்பு போகாது. இரண்டு இடத்திலும் படகைத் தூக்கிக்கொண்டு நடந்தே கடந்தோம்.

தம்பி விழுந்தது இந்த இரண்டிலும் சேராத, மரமே இல்லாத ஓர் இடத்தில். ஒரு பாறைமேல் பக்கவாட்டில் ஏறிவிட்டான். பாறை பக்கம் சாய வேண்டும், இவன் பயத்தில் தண்ணீர் வரும் பக்கம் சாய்ந்தான், தண்ணீர் படகின் விளிம்பைப் பிடித்துப் புரட்டிவிட்டது. தொடை ஆழம்தான். எழுந்து நிற்கத்தான் யாருக்கும் தோன்றும். பெரியவரும் நானும் ஒரே நேரத்தில் “காலை ஊன்றாதே!” என்று கத்தினோம். ஓடும் தண்ணீரில் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால், ஓட்டம் உடம்பை முன்னால் மடக்கித் தலையை அமுக்கிவிடும். இடுப்பளவு கூட இல்லாத தண்ணீரில் ஆட்கள் மூழ்குவது இப்படித்தான். அவன் மல்லாந்து, பாதத்தை மேலே தூக்கி, ஓட்டம் போகும் பக்கம் பார்த்தபடி மிதந்து வந்தான். கரையில் எறிகயிற்றுப் பையோடு நின்ற பெரியவர் அதை எறிந்தார். கயிறு அவன் மார்பின் குறுக்கே விழுந்தது. அதைத் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டான், மணிக்கட்டில் சுற்றவில்லை. ஓட்டமே அவனை அரைவட்டமாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

உதடு நீலம். “மூச்சே வரல அண்ணே, தண்ணி பட்டதும் வாய் தானா திறந்துக்குது.” குளிர்ந்த தண்ணீரில் முதல் ஒரு நிமிடம் அப்படித்தான்: மூச்சைக் கட்டுப்படுத்துவது மட்டுமே வேலை. அதற்கப்புறம் கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் போல. நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகலாம் என்பது கேட்க ஆறுதல்தான், ஆனால் கை வேலை செய்யாத ஐம்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தேநீர், கம்பளித் தொப்பி, பத்து நிமிடம் குதியாட்டம். அப்புறம் அவனே படகில் ஏறினான். பாறை வந்தால் பாறையைக் கட்டிப்பிடி என்று கத்திக்கொண்டே போனான்.

ஜூலை 5, வெள்ளி

நாளைக்குப் பயிற்சி மட்டும். இரண்டு கரையிலும் ஆள் பிடித்து, ஒரு மொட்டைக் கட்டையைத் தண்ணீருக்குக் குறுக்கே கட்டி, அதை நோக்கி நீந்தப் போகிறோம். வேறு வழியில்லாமல் மரத்துக்கே அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து கால்முன்னாகப் போகக் கூடாது, கால் கீழே இழுபட்டு உடம்பும் அடியில் போய்விடும். கடைசி நேரத்தில் குப்புறத் திரும்பி, தலைமுன்னாக, பலமெல்லாம் போட்டு அதை நோக்கி நீந்தி, நெஞ்சு கட்டைமேல் ஏறும்படி எம்ப வேண்டும். உள்ளுணர்வு இதற்கு நேரெதிராகச் சொல்லும். அதனால்தான் கிளை இல்லாத கட்டையில், மெதுவாக ஓடும் இடத்தில், பலமுறை.

தம்பி ஒரு மடக்குக் கத்தி வாங்கியிருக்கிறான். மடக்குக் கத்தியை விரைத்த விரலால் திறக்க முடியாது, உறையிலிருந்து ஒரே இழுப்பில் வருவதாக வாங்கு என்று திருப்பி அனுப்பினேன். எறிகயிறு இருபது மீட்டரா பதினைந்தா என்று பெரியவருக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம். இந்த ஓடையின் அகலத்துக்குப் பதினைந்து போதும் என்பது என் கட்சி.