ஃபாரோ தீவுகளில் ஒரு வாரம்: ஜூலை குறிப்புகள்

ஜூலை 23, 2024

டென்மார்க்கின் வடமுனையில் ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்தில் நோரோனா கப்பல் ஏறியாச்சு, வட அட்லாண்டிக்கில் டென்மார்க்குக்கு உட்பட்ட தன்னாட்சித் தீவுகளான ஃபாரோவுக்கு. விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம்தான், ஆனால் ஃபாரோக்காரர்களோடு பேசிக்கொண்டே போக இதுதான் சரி. மாதக் கடைசியில் ஃபாரோவின் தேசியத் திருவிழாவான ஓலவ்சோகா, அதற்காக டென்மார்க்கில் படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நர்சிங் படிக்கும் ஒரு பெண்ணிடம், படிப்பு முடிந்ததும் ஊருக்கே போய்விடுவாயா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றாள். அந்த ஊர் அரசியல்வாதிகளுக்குத் தூக்கம் போவது இந்த மாதிரிப் பதிலால்தான். 1990களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் சரிந்து வங்கிகளும் கவிழ்ந்தபோது சுமார் 48,000 ஆக இருந்த மக்கள்தொகை சில ஆண்டுகளிலேயே 43,000 பக்கம் இறங்கியது. பிறகு மீண்டார்கள், இப்போது 54,000ஐத் தாண்டிவிட்டது. ஆனால் படிக்கப் போகும் பெண்கள் அங்கேயே தங்கிவிடுவது மட்டும் நிற்கவில்லை.

ஜூலை 25

தலைநகர் டோர்ஸ்ஹவ்ன். துறைமுகத்தை ஒட்டிய திங்கனேஸ் முனையில் சிவப்பு மரவீடுகள், கூரையில் புல், உள்ளே அரசு அலுவலகங்கள்! பிரதமர் அலுவலகம்கூட இங்கேதான்.

பழைய கதைப்படி முதலில் குடியேறியவன் பெயர் கிரீமூர் கம்பன் (ஆமாம், கம்பன், சிரித்துவிட்டேன்). நார்வேப் பக்கத்து ஆள், ஆனால் அந்தக் கம்பன் என்ற பட்டப்பெயர் ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்து கேலிக் மொழியிலிருந்து வந்தது என்கிறார்கள். மரபணு ஆய்வும் அதே திசையைத்தான் காட்டுகிறது. ஃபாரோ மக்களின் தந்தைவழி பெரும்பாலும் ஸ்காண்டிநேவியா, தாய்வழி பெரும்பாலும் ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும். மனம் ஒத்து வந்தவர்கள் எத்தனை பேர், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று மரபணு சொல்லாது. வைக்கிங்குகள்தான் முதல் ஆட்கள் என்பதும் இப்போது நிற்கவில்லை. சாண்டோய் தீவில் கருகிய பார்லி தானியம் கிடைத்தது, ஒரு ஏரியின் அடிமண்ணில் கி.பி. 500 வாக்கிலேயே ஆடுகள் இருந்ததற்கான மரபணுத் தடயம் கிடைத்தது. அவர்கள் யார் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

ஜூலை 27

மழை, வெயில், மூடுபனி, திரும்பவும் மழை, எல்லாம் காலைச் சாப்பாட்டுக்குள்.

ஸ்கெர்பிஷெட் சாப்பிட்டேன். ஆட்டுக்கறியை உப்புகூடப் போடாமல், காற்று உள்ளே புகும்படி இடைவெளி விட்டுப் பலகை அடித்த கொட்டகையில் மாதக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். வாசனை கருவாட்டுக்கு அண்ணன். இரண்டாவது துண்டு பிடித்துவிட்டது.

பரிமாறியவர் தாய்லாந்துக்காரர், இங்கே ஒரு மீனவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். தாய்லாந்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் இப்படி வந்த பெண்கள் 300 பேருக்கு மேல் என்று 2017லேயே செய்தி வந்தது. இவ்வளவு சின்ன ஊருக்கு அது பெரிய கூட்டம். பரிமாறிய இவர் முதல் குளிர்காலத்தில் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லையாம், பிள்ளை பிறந்த பிறகுதான் மொழி பழகியதாம். வெளியிலிருந்து வந்த பெண்கள் என்று இதை ஏதோ புதுச் சங்கதி மாதிரி எழுதுகிறார்கள். இந்தத் தீவுகளின் தாய்மார்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் வெளியூர்க்காரிகள்தானே!

ஜூலை 29, விடிந்தால் 30

ஓலவ்சோகா. நள்ளிரவில் தெருவில் நின்று ஊரே சேர்ந்து பாடியது. அப்புறம் சங்கிலி நடனம். கையைக் கோத்துக்கொண்டு இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் ஒரு அடி, வாத்தியமே கிடையாது, தரையில் விழும் காலடிதான் தாளம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். சில பாட்டுகளில் நூற்றுக்கணக்கான கண்ணிகள்! பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டண்ட் சமயத்துக்கு மாறிய சீர்திருத்தத்துக்குப் பிறகு தேவாலயம், கோர்ட், பள்ளிக்கூடம் எல்லாம் டேனிஷ் மொழிக்குப் போய்விட்டன. ஃபாரோ மொழிக்கு ஹம்மர்ஷைம்ப் என்ற ஃபாரோப் பாதிரியார் 1846இல் ஒரு எழுத்துமுறை அமைத்துக் கொடுத்தார், பள்ளிக்கூடத்தில் முழு இடம் கிடைக்க 1938 ஆனது. அதுவரை மொழி தங்கியிருந்த இடங்களில் முக்கியமானது இந்த நடன வட்டம்.

என்னையும் இழுத்துவிட்டார்கள். வலதுகால் ஒத்துழைக்கவில்லை, பக்கத்திலிருந்த பெரியவர் கையை விடவும் இல்லை. ஃபாரோக்காரர்களின் திமிங்கில வேட்டை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள், இங்கே யாரிடம் பேச ஆரம்பித்தாலும் ஒரு மணி நேரம் போகிறது, அது தனிப்பதிவு. இப்போது காலணியைக் காயவைக்க வேண்டும்.