இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் சொலிசிற்றரிடம் கேட்க வேண்டியவை

நம்மவர்கள் பலர் வீடு பார்ப்பதற்கு மாதக்கணக்கில் அலைகிறார்கள். பாடசாலை, ரயில் நிலையம், கோயில், தோட்டம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வீட்டின் உரிமையைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தரப்போகும் சொலிசிற்றரை ஒரே தொலைபேசி அழைப்பில் முடிவு செய்துவிடுகிறார்கள். நான் சட்டத்தரணி அல்லன். இங்கே வீடு வாங்கியும் விற்றும், உறவினருக்கு வந்த சட்டக் கடிதங்களை வாசித்து விளக்கியும் வந்தவன் என்பதால், சிலர் என்னிடம் அடிக்கடி சில கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில்களையே இங்கே எழுதுகிறேன். இவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தின் சட்டமும் நடைமுறையும் வேறு.

ஊரில் காணி வாங்கிப் பழகியவர்கள் முதலில் கேட்பது, இரு தரப்புக்கும் ஒருவரே போதாதா என்பதுதான். இலங்கையில் ஒரு நொத்தாரிசு உறுதியை எழுதி, இரு தரப்பையும் கையெழுத்திட வைத்து முடித்துவிடுவது வழக்கம். இங்கே வாங்குபவரின் நலனும் விற்பவரின் நலனும் மோதக்கூடியவை என்பதால், பெரும்பாலும் ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனிச் சட்டத்தரணி இருப்பார். அவர் சொலிசிற்றராக இருக்கலாம். அல்லது இந்த வேலைக்கென்றே தகுதி பெற்ற லைசென்ஸ்ட் கன்வேயன்சராக இருக்கலாம். முன்னவரைச் சொலிசிற்றர்ஸ் ரெகுலேஷன் அதோரிற்றியும், பின்னவரைக் கவுன்சில் ஃபோர் லைசென்ஸ்ட் கன்வேயன்சர்ஸும் கண்காணிக்கின்றன. யாரை அமர்த்தினாலும் அந்த அமைப்பின் இணையத்தளத்தில் பெயரைத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரண வீடு என்றால் இருவருமே இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள். விவாகரத்து, பரம்பரைச் சொத்துத் தகராறு போன்றவை கலந்திருந்தால், அந்தத் துறைகளும் உள்ள சொலிசிற்றர் நிறுவனமே நல்லது என்பது என் எண்ணம்.

வீட்டு முகவர் ஒரு நிறுவனத்தைப் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டுமா? கட்டாயமில்லை. அந்தப் பரிந்துரைக்காக முகவருக்குப் பணம் கிடைப்பது வழக்கம். அது சட்டவிரோதமல்ல, ஆனால் உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். முகவர் பரிந்துரைத்தார் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்கவும் வேண்டாம். ஆனால் முகவர் விற்பவருக்காக உழைப்பவர், விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கூலி கிடைக்கும் என்பதை மனதில் வைத்திருங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, சொலிசிற்றர் நிறுவனங்கள் வீட்டுப் பரிவர்த்தனைக்கான விலை விவரத்தைத் தங்கள் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி 2018 டிசம்பர் முதல் இருக்கிறது. இருந்தும், முதலில் சொல்லப்படும் தொகை கடைசிப் பட்டியலில் வேறாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லீஸ்ஹோல்ட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை தரும்) வீட்டுக்கு ஒரு மேலதிகத் தொகை, பெற்றோர் தந்த அன்பளிப்புப் பணத்துக்கு ஒன்று, அடையாளச் சோதனைக்கு ஒன்று, வங்கிக்குப் பணம் அனுப்ப ஒன்று, முத்திரை வரிப் படிவத்துக்கு ஒன்று என்று கூடிக்கொண்டே போகும். அவற்றின் மேல் 20 சதவீத வற் வரியும் வரும். ஆகவே உங்கள் நிலைமை முழுவதையும் முதலிலேயே எழுதி அனுப்பி, எல்லாம் அடங்கிய மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். விற்பனை முறிந்தால் கட்டணமில்லை என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அந்தச் சலுகை பொதுவாக அவர்களின் உழைப்புக் கூலிக்கு மட்டுமே. வீட்டைப் பற்றிக் கவுன்சில், வடிகால், சுற்றுச்சூழல் பதிவுகளில் விவரம் கேட்டுப் பெறும் தேடல்களுக்குச் செலவான பணம் திரும்பி வராது.

கட்டணத்தைவிட முக்கியமானது, உங்கள் கோப்பை உண்மையில் யார் கையாளப் போகிறார் என்பது. இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கலாம். உள்ளே ஒரு இளைய அலுவலர் அளவுக்கு மீறிய கோப்புகளோடு தனியாகத் திணறிக்கொண்டிருக்கலாம். அவரின் பெயர் என்ன, தகுதி என்ன, அவரின் வேலையை மேற்பார்வை செய்பவர் யார், அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார், நேரடித் தொலைபேசி இலக்கம் உண்டா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் தராத அலுவலகம், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறும் வாரத்திலும் நேரான பதில் தரப்போவதில்லை. இங்கே ஒப்பந்தங்கள் கைமாறும் வரை எந்தத் தரப்பும் இழப்பீடு இல்லாமல் விலகலாம். உங்கள் விலை ஏற்கப்பட்ட பிறகும், இன்னொருவர் கூடுதல் விலை சொன்னால் விற்பவர் அவர் பக்கம் போக இடமுண்டு. பதிலில்லாமல் கழியும் ஒவ்வொரு வாரமும் அந்த ஆபத்தை நீட்டிக்கிறது. கைமாறிய பின் வாங்குபவர் காரணமின்றி விலகினால், வழக்கமாக விலையின் 10 சதவீதமான முற்பணம் பறிபோகும்.

மோட்கேஜ் என்னும் வீட்டுக் கடன் எடுப்பவர்கள், தாங்கள் தெரிவு செய்த நிறுவனம் அந்த வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் வங்கி தனக்கென வேறொரு சட்டத்தரணியை அமர்த்தும். அந்தச் செலவு உங்கள் தலையில் விழும், காலமும் நீளும்.

விற்பவர்கள், வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே சொலிசிற்றரை அமர்த்துவது நல்லது. சொத்து பற்றிய கேள்விப் படிவத்தை நிரப்பவே நாட்கள் ஆகும். நம் வீடுகளில் பின்புறம் நீட்டிய சமையலறையும் மாடத்தில் கட்டிய அறையும் சாதாரணம். அவற்றுக்கான திட்ட அனுமதியும் கட்டட விதிச் சான்றும், 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய யன்னல்களுக்கான சான்றும் நிச்சயம் கேட்கப்படும். ஒரு சான்று இல்லை என்று தெரிந்ததும் உடனே கவுன்சிலை அழைக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு காப்புறுதி எடுத்துச் சமாளிக்கும் வழி பெரும்பாலும் இருக்கிறது. கவுன்சிலோடு பேசிவிட்டால் காப்புறுதி நிறுவனம் மறுத்துவிடக்கூடும். முதலில் சொலிசிற்றரைக் கேளுங்கள்.

நம் சமூகத்துக்குப் பெரிய சிக்கல் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி, தேவைப்படும் இடங்களில் பணத்தின் மூலத்தை விசாரிப்பது சொலிசிற்றரின் கடமை. இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சம்பளச் சேமிப்பு என்றால் வங்கிக் கூற்றுகள் பெரும்பாலும் போதும். சீட்டுப் பணம் என்றால் நிலைமை கடினம், ஏனெனில் நம்பிக்கையின் மேல் நடக்கும் சீட்டுக்கு இங்குள்ள அலுவலகம் ஏற்கும் கணக்கு இருப்பதில்லை. மாதந்தோறும் கட்டிய தொகை வங்கி வழியாகப் போயிருந்தால், அந்தப் பதிவு பெரிய துணை. கையில் கொடுத்து கையில் வாங்கியிருந்தால், விளக்குவது மிகவும் சிரமம். யாழ்ப்பாணத்துக் காணியை விற்ற பணம் என்றால், விற்பனை உறுதி, அதன் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, அங்கிருந்து இங்கு பணம் வந்த வங்கிப் பாதை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பெற்றோரோ சகோதரரோ தரும் அன்பளிப்பு என்றால், அது கடன் அல்ல என்றும் வீட்டில் தங்களுக்குப் பங்கில்லை என்றும் அவர்கள் எழுதித் தர வேண்டும். மோட்கேஜ் தரும் வங்கிக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். இப்படிப்பட்ட கோப்புகளைக் கையாண்ட அனுபவம் உண்டா என்று சொலிசிற்றரிடம் முதல் உரையாடலிலேயே கேளுங்கள்.

விற்பவரின் அடையாளத்தை இவ்வளவு நுணுக்கமாகச் சோதிப்பது ஏன் என்றும் கேட்கிறார்கள். லண்டனில் தனக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டை உரிமையாளர் போல நடித்து ஒருவன் 11 லட்சம் பவுணுக்கு விற்றுப் பணத்தோடு மறைந்த டிரீம்வார் வழக்கில், வாங்கிய நிறுவனத்துக்கு வீடும் கிடைக்கவில்லை, பணமும் போய்விட்டது. அந்த இழப்புக்கு இரு தரப்புச் சொலிசிற்றர்களும் பொறுப்பாகலாம் என்று 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அலுவலகங்களின் எச்சரிக்கை கூடியதில் வியப்பில்லை.

தமிழ் பேசும் சொலிசிற்றரைத்தான் தேட வேண்டுமா? அம்மாவோ அப்பாவோ கையெழுத்திட வேண்டியிருந்தால், அது உண்மையாகவே உதவும். உதாரணமாக, உங்களோடு வசிக்கப்போகும் பெற்றோர் உரிமையாளர்களாக இல்லாவிட்டாலும், வீட்டில் தங்களுக்கு ஏதும் உரிமை இருந்தால் அது வங்கியின் உரிமைக்குப் பின்பே என்று கையெழுத்திடும்படி வங்கி கேட்பது வழக்கம். எதில் கையெழுத்திடுகிறோம் என்பது அவர்களுக்கு அவர்களின் மொழியில் விளங்க வேண்டும். உங்கள் சொலிசிற்றர் அல்லாத இன்னொருவரிடம் தனி ஆலோசனை பெறும்படி சொன்னால், அதைச் செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழுதும் போய்ச்சேரும் கூட்டுரிமையா, ஆளுக்கொரு தனிப்பங்கா என்பதை வாங்கும்போதே தீர்மானித்து, பங்குகள் சமமில்லையென்றால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் அறக்கட்டளைப் பிரகடனம் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எதற்கு எழுத்து என்று கேட்பவர்களிடம், குடும்பம் குலையாமல் இருப்பதற்காகவே எழுத்து என்று நான் சொல்வதுண்டு. ஆனால் மொழி தகுதிக்கு ஈடாகாது. நீங்கள் வாங்குவது உயரமான கட்டடத்தில் ஒரு ஃபிளாட் என்றால், 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், சேவைக் கட்டணம், நில வாடகை ஆகியவற்றை நன்கறிந்தவரே வேண்டும். சில நிறுவனங்கள் அத்தகைய கோப்புகளை ஏற்பதே இல்லை. மீதமுள்ள லீஸ் 80 ஆண்டுகளை நெருங்குகிறதா என்பதையும் விலை பேசும் முன்பே பாருங்கள்.

பணம் அனுப்பும் நாளில் ஒரு எச்சரிக்கை. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொலிசிற்றரின் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அது பெரும்பாலும் மோசடியாகவே இருக்கும். முதலில் நேரில் அல்லது கடிதத்தில் பெற்ற இலக்கத்துக்கு அழைத்து உறுதி செய்யாமல் ஒரு பவுணும் அனுப்பாதீர்கள்.

வேலை திருப்தி தரவில்லையென்றால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்தில் தீர்வு வராவிட்டால் சட்டச் சேவை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். எல்லாம் நன்றாக முடிந்தாலும் சாவி கையில் வந்த நாளோடு சொலிசிற்றரின் வேலை முடிவதில்லை. இங்கிலாந்தில் முத்திரை வரிப் படிவத்தை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பின்பு காணிப் பதிவகத்தில் உங்கள் பெயர் ஏற வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். பதிவு முடிந்ததும் அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். நம் பெயர்களில் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறுவதும், முதலெழுத்து விடுபடுவதும் எளிதில் நேர்பவை. கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். அதன் பின் காணிப் பதிவகத்தின் இலவச எச்சரிக்கைச் சேவையில் உங்கள் வீட்டைச் சேர்த்துவிடுங்கள். யாராவது அந்தப் பதிவேட்டில் கைவைக்க முயன்றால் மின்னஞ்சல் வரும். ஒரே கணக்கில் 10 சொத்துகள் வரை சேர்க்க முடியும் என்பதால், தனியாக வாழும் பெற்றோரின் வீட்டையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.