கோத்தகிரியில் பெயிண்டுக்கு முன் விரிசல் அடைத்த அனுபவம்

மலையில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் கலர் கார்டைப் புரட்டுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். தொட்டபெட்டா சிகரம் மறைப்பதால் ஜூன், ஜூலை மழை கூடலூர் அளவுக்கு எங்கள் கோத்தகிரிக்கு வராது. எங்களை ஊறப்போடுவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான், அது டிசம்பர் வரை இழுக்கும், மழை விட்டாலும் சுவர் உடனே காயாது. தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. நான் அசையவில்லை, பிப்ரவரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டின் முன்பக்கம் பழைய கருங்கல் கட்டு, சுண்ணாம்புப் பூச்சு. பின்னால் சமையலறையும் ஒரு படுக்கையறையும் பிற்பாடு செங்கல், சிமெண்டில் ஒட்டிக் கட்டியவை. பெயிண்டர் தம்பி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாத்துலயும் பட்டியை இழுத்துட்டா மறைஞ்சிரும்க்கா” என்றார். பட்டி என்பது பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்க இழுக்கும் பூச்சு. மறையும், அடுத்த மழை வரைக்கும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் மறைத்திருந்தார்கள், சுரண்டினால் பழைய பட்டி பாளம் பாளமாக வந்தது.

எந்த விரிசல் இன்னும் நகர்கிறது, எது நின்றுவிட்டது என்று தெரியாமல் எதையும் அடைக்கக் கூடாது. இதற்குச் செலவே இல்லை: விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள், அகலத்தையும் ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மழைக்கு முன்னால் குறித்துவைத்து ஜனவரியில் போய்ப் பார்த்தேன். படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலைத்தான் எல்லோரும் பயந்து பார்த்தார்கள், அது பள்ளத்துப் பக்கச் சுவர் வேறு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி மண் சரிந்ததிலிருந்து இங்கே சாய்வான விரிசல் என்றாலே பெரியவர்கள் அந்த வருடத்தைத்தான் பேசுவார்கள். ஆனால் அது கோட்டைத் தாண்டவே இல்லை, அகலமும் கூடவில்லை. கூடியிருந்தால் பெயிண்டரை அல்ல, இன்ஜினியரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். நகர்ந்தது வேறு ஒன்று, யாருமே கவனிக்காத, பழைய கட்டும் புதுக் கட்டும் சேரும் இடத்தில் நேராக ஓடும் விரிசல்.

தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல்களுக்குப் பெரிய வேலை இல்லை, சுரண்டி, தூசி தட்டினால் போதும், மேலே வரும் பட்டியே பார்த்துக்கொள்ளும். அதைவிடப் பெரியதை அப்படியே மேலாகத் தடவினால் உள்ளே இறங்காது. உளியால் வி வடிவத்தில் வெட்டி அகலப்படுத்தி, பிரஷ்ஷால் தூசியை முழுக்க எடுத்துவிட்டு, லேசாக ஈரம் தொட்டு, விரிசல் அடைக்கும் அக்ரிலிக் பேஸ்டை அழுத்தித் திணிக்க வேண்டும். காயும்போது அது சுருங்கிக் குழிவிழும், அதனால் ஒரே தடவையில் நிரப்பாமல் காயவிட்டு மறுபடி போட வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரத்தை நம் குளிருக்கு நம்பாதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் பல அக்ரிலிக் சரக்குகள் சரியாகப் பிடிக்காது, எனவே வெயில் ஏறிய பிறகுதான் ஆரம்பிப்போம், மூன்று மணிக்கு மூட்டை கட்டிவிடுவோம். தம்பிக்கு முதலில் எரிச்சல்தான், கூலி பேசியது நாள் கணக்கில் என்பதால் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

தூணும் செங்கலும் சேரும் இடத்தில் பூச்சு பிளந்திருந்தது. கொத்தனாரை வைத்து இருபக்கமும் பூச்சை உடைத்து, கோழி வலை அடித்து மறுபடி பூசினோம். புதுப் பூச்சு முறையாக நீர்விட்டு, நன்றாகக் காய்ந்து பெயிண்டுக்குத் தயாராக 28 நாள் ஆகும், அதனால் இதை ஜனவரியிலேயே முடித்துவிட்டோம்.

பழையதும் புதியதும் சேரும் இடத்துக்கு வருகிறேன். இரண்டு கட்டுக்கும் அஸ்திவாரம் வேறு, கனம் வேறு, வெயிலுக்கும் மழைக்கும் இரண்டும் தனித்தனியாகத்தான் அசையும். அங்கே சிமெண்டையோ பட்டியையோ எவ்வளவு திணித்தாலும் திரும்பப் பிளக்கும். இழுத்தால் நீள்கிற சரக்குதான் வேண்டும். கடையில் சிலிக்கான் டியூபை எடுத்து நீட்டினார்கள், ஆனால் சாதாரண சிலிக்கான் மேல் பெயிண்ட் ஒட்டாது. கோவையிலிருந்து பாலியூரித்தேன் சீலண்டும், நுரைக் கயிறும் வாங்கி வரச் சொன்னேன். கயிறை முதலில் பிளவுக்குள் அழுத்திவிட்டு அதன் மேல் சீலண்ட் போட வேண்டும். சீலண்ட் இரண்டு பக்கச் சுவரை மட்டும் பிடிக்க வேண்டும், பின்னாலும் ஒட்டிக்கொண்டால் நீள முடியாமல் கிழிந்துவிடும். இதற்கு மேல் பட்டி பார்க்கவே கூடாது, நேராகப் பெயிண்ட்தான். உற்றுப் பார்த்தால் கோடு தெரியும். தெரியட்டும்.

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்குகளுக்கு அக்ரிலிக் சீலண்ட் போதும், அதன் மேல் பெயிண்ட் பிடிக்கும்.

கருங்கல் கட்டில் சிமெண்டைத் தொடவிடவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அங்கே சிமெண்டை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பக்கத்துப் பூச்சைப் பெயர்த்துவிடும். மூன்று பங்கு சலித்த மணலுக்கு ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்பு கலந்து அடைத்து, சட்டென்று காயாமல் ஈரச் சாக்குப் போட்டுவைத்தோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சீக்கிரம் இறுகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், ஓதம் அடிக்கும் ஊரில் அது இளகிப்போகும், வேண்டாம்.

கடைசியாக மேட்டுப் பக்கச் சுவர். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. சந்தேகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரவு முழுக்க விட்டேன். காலையில் தாளுக்கு உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கத்தில், துளித் துளியாக நீர். வெளியே மண் மூடிக் கிடந்த வடிகாலைத் தோண்டித் திறந்துவிட்டோம், ஆனால் அந்தச் சுவர் காய இன்னும் மாதங்கள் ஆகும். மற்ற அறைகளில் பட்டி இரண்டு கோட், உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த ஒரு சுவருக்கு மட்டும் இப்போதைக்கு வெறும் சுண்ணாம்பு அடித்து விட்டிருக்கிறோம், அடுத்த பிப்ரவரியில் மறுபடி தாள் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெயிண்ட்.